தாயுமாதல் யார் கடன்?

மகப்பேறு ஒருத்தியின் உடலில் நிகழ்வது. ஆயினும் ஒருத்தியால் மட்டும் நிகழ்வதன்று. இவ்விரண்டும் உண்மையே. முன்னதை எவரும் மறுப்பதில்லை. பின்னதை ஒப்புக்கொள்வோரும் அதன் பொருளை நடைமுறையில் ஏற்கத் தயங்குகின்றோம். சூல்கொண்ட பெண்ணுக்குத் துணைநிற்றல் இரக்கமா, கடனா? கடன் எனின், யாருடைய கடன்? உற்றார் உறவினர் சூழ வாழ்ந்த காலத்தில் இவ்வினா எழவேண்டிய தேவை இருக்கவில்லை. ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வந்து குடியமர்ந்த நம்மனோர்க்கு இது தவிர்க்கவொண்ணாத வினாவாகும். அதனை நாம் ஏடுகளிலிருந்து எடுத்துக்கொண்டோம் இல்லை. நம் வீட்டு வாயிற்படியிலிருந்து எடுத்துக்கொண்டோம். விடையும் அங்கேதான் கிடைத்தது; சற்றுக் காலங்கடந்து கிடைத்தது.

தாய்வீடு என்னும் ஏற்பாடு

தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் வழங்கி வருகிறது. ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வளைகாப்பு நிகழ்த்தி, இரு கையும் நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, பலவகைச் சோறு சமைத்து உண்பித்து, அழைத்துச் செல்கின்றனர். இதனை வெறும் சடங்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அதனுள் பொதிந்த அறிவு பெரிது. புகுந்த வீட்டில் மருமகளாக இருப்பவள், இடுப்பு நோகிறது என்று சொல்லவும் இடம்பார்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த வீட்டிலோ அவள் சொல்லவே வேண்டியதில்லை. நடையைப் பார்த்தே தாய் அறிந்துகொள்வாள். பகலில் படுத்தால் குற்றமில்லை. இரவில் அழுதால் ஏன் என்று விசாரணையில்லை. தாய்வீடு என்பது ஒரு கட்டடமன்று. கவலையைக் காரணம் காட்டாமல் சொல்லக்கூடிய இடம்.

அக்கவலைகள் யாவை? பெரும்பாலும் மிகச் சிறியவை. நேற்று மாலையிலிருந்து குழந்தை அசையவில்லையோ என்னும் ஐயம். இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது. விட்டுவிடலாமா என்னும் சலிப்பு. கால் வீக்கம் இயல்பானதுதானா என்னும் கேள்வி. வலி எடுத்தால் அது வலிதான் என்று எப்படித் தெரியும் என்னும் அச்சம். மருத்துவரிடம் கேட்க வெட்கப்படும் அளவுக்குச் சிறியவை. ஆனால் நள்ளிரவில் விழித்திருக்கச் செய்யும் அளவுக்குப் பெரியவை. ஆடவராகிய நாம் இவற்றைக் கேட்டதும், "ஒன்றும் இல்லை, பேசாமல் தூங்கு" என்று கூறிவிட்டு நாமே முதலில் தூங்கிவிடுகிறோம்.

குளிர்கால வெயில்

2011-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாம் தில்லி இராமகிருஷ்ணபுரத்தில், அரசுக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வாழ்ந்து வந்தோம். எம் துணைவியார் தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தார். ஏழாம் மாதத் தொடக்கத்தில் அம்பாசமுத்திரத்திலுள்ள தாய்வீட்டுக்குச் செல்லத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இருக்கை பதிவு செய்து வைத்திருந்தோம். சென்னை வரை மட்டுமே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். அதன்பின் ஓரிரவுப் பயணம். அவ்வேளையில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. இரத்த அழுத்தம் கூடியிருப்பதால் நெடும்பயணம் கூடாது என்றார் மருத்துவர். ஊரில் மாமியார் முற்றத்தில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். நம் அன்னையாரோ முன்னமே மறைந்துவிட்டார். பயணச்சீட்டை இரத்துச் செய்துவிட்டு வீடு திரும்பிய மாலையில் துணைவியார் கேட்ட கேள்வி ஒன்றே: "இனி எனக்கு யாருங்க இருக்கா?" நாம் இருக்கிறோம் என்று சொன்னோம். அது விடையன்று என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

விடை, குடியிருப்பின் நடுவிலிருந்த சிறு பூங்காவில் கிடைத்தது. தில்லியின் குளிர்கால வெயிலை அறிந்தோர் அதன் அருமையை அறிவர். பதினொரு மணிக்குக் கட்டடங்களின் நிழல் விலகியதும் பெண்கள் பாயும் கம்பளியுமாக இறங்கி வருவர். வேர்க்கடலை உரிப்பதும், பட்டாணி உரிப்பதும், கம்பளி நூல் பின்னுவதும் அங்கேதான். அவ்வாண்டு அந்த வெயிலில் கருவுற்ற பெண்கள் மூவர் அமர்ந்தனர். கீழ்வீட்டு வங்காளப் பெண்ணுக்கு இரண்டாம் பிள்ளை. துணைவியார் அவரைப் பௌதி என்று அழைக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த வாயிலில் கட்வால் நாட்டுப் பெண் ஒருத்தி, அவளுக்கும் தலைப்பிள்ளை. இம்மூவருக்கும் நடுவில், ஐந்து பெற்றவரும் எழுபது கடந்தவருமான பஞ்சாபி மூதாட்டி, அனைவருக்கும் பீஜி. மாலைப்பணி உள்ள நாட்களில் மட்டும், மூன்றாம் மாடியில் குடியிருந்த மலையாளச் செவிலியார் வந்து அமர்வார், அவர் சேச்சி.

மொழி ஒன்றில்லை, ஊர் ஒன்றில்லை, உணவு ஒன்றில்லை. கவலை மட்டும் ஒன்றாயிருந்தது. துணைவியாரின் இந்தி அப்போது காய்கறி வாங்கும் அளவினது. எனினும் நெஞ்செரிச்சலை எப்படிச் சொன்னார், பீஜி எப்படிப் புரிந்துகொண்டார் என்பது இன்றும் நமக்கு விளங்கவில்லை. நம் ஊரில் மசக்கைக்காரியின் விருப்பத்தை நிறைவேற்ற வேண்டும் என்பர். வங்காளத்தில் அதற்கென்றே 'ஷாத்' என்னும் விழா உண்டு, அச்சொல்லுக்கே ஆசை என்றுதான் பொருள் என்று பௌதி சொன்னார். வடநாட்டார் மடிநிரப்பும் சடங்கைக் 'கோத் பராயீ' என்கின்றனர். பிள்ளை பெற்றவளுக்கு நாம் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து லேகியம் கிளறுவோம். பஞ்சாபியர் கோதுமை மாவை நெய்யில் வறுத்துப் பிசினும் பருப்புகளும் சேர்த்துப் 'பஞ்சீரி' செய்கின்றனர். வழிகள் வேறு, எல்லாம் ஒரே ஒருத்தியை நோக்கி வருவன.

ஒருநாள் சரோஜினி நகர்ச் சந்தையிலிருந்து கண்ணாடி வளையல்கள் வந்தன. நம் குடியிருப்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தார் ஐந்துவகைச் சோறு சமைத்தனர். பீஜி மடியில் தேங்காய் வைத்தார். பௌதி பாயசம் கொணர்ந்தார். அம்பாசமுத்திரத்துக் கட்டிலில் கிடந்த தாய், தொலைபேசியில் வளையல் ஒலியைக் கேட்டார். அவர் அழுதது இங்கே கேட்டது.

ஆறுதலும் உண்மையும்

கவலையைப் பகிர்தல் என்கிறோம். சோற்றைப் பகிர்ந்தால் பாதியாகும். கவலையைப் பகிர்ந்தாலும் பாதியாகும் என்று எண்ணுகிறோம். அது எப்போதும் உண்மையன்று. தவறான இடத்தில் பகிர்ந்த கவலை இரட்டிக்கும். அந்தப் பூங்காவிலேயே, தன் நாத்தனாருக்கு நேர்ந்த துயரத்தை நிறைமாதப் பெண்ணிடம் விரித்துரைத்தவர் உண்டு. குங்குமப்பூ உண்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்றோர் உண்டு. வயிற்றின் வடிவத்தைப் பார்த்துப் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டியோரும் உண்டு. கருவிலிருக்கும் பிள்ளை எதுவென்று கண்டறிந்து கூறுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் தடை செய்ய நேர்ந்தது என்பதை அத்தகைய ஆவலே நமக்குக் காட்டிவிடும். ஆகவே பேசுவதெல்லாம் துணையாகாது. சூலுற்றவளின் அச்சத்தை நம் அனுபவத்தைக் காட்டும் மேடையாக்கிக் கொள்ளுதல் பகிர்தல் அன்று, பறித்தல்.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. ஆறுதல் கூறுவதா, உண்மை கூறுவதா? டிசம்பர் மாதத்தில் ஓரிரவு துணைவியாருக்குத் தலைவலி கண்டது. காலையிலிருந்தே வலித்ததாம், சொல்லவில்லை. நாம் தைலம் தடவினோம். பீஜி வந்து நெற்றியை வருடி, "ஒன்றும் ஆகாது மகளே" என்றார். அச்சொல்லில் அன்பு இருந்தது; ஐயமில்லை. பதினொரு மணியளவில் பணி முடிந்து படியேறிய சேச்சி, கதவு திறந்திருப்பது கண்டு உள்ளே வந்தார். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கேள்விகள்தாம் கேட்டார். எப்போதிலிருந்து வலி? கண்முன் பூச்சி பறப்பதுபோல் தெரிகிறதா? மேல்வயிறு வலிக்கிறதா? முகத்தையும் விரலையும் அழுத்திப் பார்த்தார். மோதிரம் கழலவில்லை. "வண்டி கூப்பிடுங்க, இப்பவே" என்றார்.

கருவுற்ற ஐந்து மாதத்துக்குப் பின்னர் இரத்த அழுத்தம் ஏறி, விடாத தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவை தோன்றுமாயின் அது காத்திருக்கக் கூடிய செய்தியன்று. கவனியாது விட்டால் வலிப்பில் முடியக்கூடும் என்பதை அன்றிரவு மருத்துவமனையில் அறிந்தோம். உரிய நேரத்தில் வந்ததால் மருந்தினால் அடக்கி வைத்தனர். மூன்று வாரம் கழித்து, 2012 ஜனவரியில், அறுவை சிகிச்சையின் மூலம் எம் மகள் பிறந்தாள். அன்று அன்பு பீஜியிடமும் இருந்தது, நம்மிடமும் இருந்தது. உயிரைக் காத்தது, அன்போடு சேர்ந்த கேள்வி. "ஒன்றும் ஆகாது" என்னும் சொல் கேட்பவரின் கவலையைத் தீர்ப்பதைவிடச் சொல்பவரின் கவலையை விரைவில் தீர்த்துவிடுகிறது. அதில்தான் அதன் பிழை இருக்கிறது. உண்மையான ஆறுதல் முதலில் கேட்கும், பிறகே சொல்லும்.

படிக்கட்டில் அமர்ந்தவள்

இதனோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நன்றி நவிலும் கட்டுரையாக அமைந்திருக்கும். ஆனால் நாம் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நம் வீட்டிலும் பௌதி வீட்டிலும் மேலும் மூன்று வீடுகளிலும் பாத்திரம் துலக்கி வந்தவள் ஒரு தமிழ்ப் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம். தில்லியின் குடிசைப் பகுதிகளில் சேலம், விழுப்புரம் பக்கங்களிலிருந்து வந்து வீட்டுவேலை செய்து பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல என்பது இங்கு வாழும் அனைவரும் அறிந்ததே. சங்கத்து விழாக்களில் அவர்களைக் காண்பது அரிது. விழா முடிந்து வீடு திரும்பும்போது சமையலறையில் காண்கிறோம். துணைவியாரை அவள் அக்கா என்று அழைப்பாள். நம்மைச் சார் என்பாள்.

அவளும் கருவுற்றிருந்தாள். எம் மகள் பிறந்தபோது அவளுக்கு ஆறு மாதம் முடிந்திருக்கும். இதனை நாம் அறியாதவர் அல்லோம். சேலையை அவள் செருகும் விதம் மாறியிருந்ததைக் கண்டிருந்தோம். துணைவியார் குனியக்கூடாது என்று மருத்துவர் சொன்னதால், தரை துடைக்கும் வேலையையும் அவளிடமே ஒப்படைத்து, அதற்கு இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தோம். ஒரு கருவுற்ற பெண் குனியாதிருக்க இன்னொரு கருவுற்ற பெண் குனிந்தாள். அதிலிருந்த முரண்பாடு அன்று எவர் கண்ணிலும் படவில்லை. பூங்காவில் பாய்விரித்து மூவர் அமர்ந்த அந்த வெயிலில் அவள் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அமரக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அமரச் சொல்லவும் இல்லை.

மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் மகப்பேற்றின்போது 15 நாள் தந்தைமை விடுப்பு 1997 முதல் உண்டு. அவ்விடுப்பில் நாம் வீட்டிலிருந்தோம். வெந்நீர் வைத்தோம், துணி உலர்த்தினோம், நல்ல கணவன் என்று பௌதி பாராட்டியதில் உள்ளம் குளிர்ந்திருந்தோம். ஒருநாள் காலை அவள் வேலையை நடுவில் நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் அமர்ந்திருந்தாள். என்னவென்று கேட்டோம். "ரெண்டு நாளா தலைய வலிக்குது சார்" என்றாள். உள்ளே சென்று, அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து, ஒரு கோப்பைத் தேநீரும் கொணர்ந்து கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, "உங்களுக்குப் புண்ணியமா இருக்கும்" என்றாள். நாமும் அப்படித்தான் எண்ணினோம்.

பத்து நாள் கழித்து அவள் வரவில்லை. மூன்றாம் நாள், அவள் பகுதியிலிருந்து வரும் இன்னொரு பணிப்பெண் சொல்லித் தெரிந்தது. இரவில் வலிப்பு வந்ததாம். அக்கம்பக்கத்தார் தூக்கிச் சென்றனராம். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

இருபதாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். எம் மகளின் பாலாடையையும் கிண்ணத்தையும் தனியாக எடுத்து வைத்துத் துலக்கினாள். வராத நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தோம். அதனையும் அன்று ஈகை என்றே எண்ணினோம். துணைவியார் மட்டும் இரவில், "அவகிட்ட நீங்க ஏன் கேக்கல? நானும் ஏன் கேக்கல?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். சேச்சி நம்மிடம் கேட்ட கேள்விகள் நமக்கு மனப்பாடமாக இருந்தன. ஏழு வாரத்துக்கு முன்னர்தான் கேட்டிருந்தோம். அவற்றுள் ஒன்றையாவது படிக்கட்டில் அமர்ந்திருந்தவளிடம் திருப்பிக் கேட்டிருந்தால், அப்பிள்ளை பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. கேட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இக்கட்டுரையில் நாம், நாம் என்று எழுதி வருகிறோம். அன்று மாத்திரையை எடுத்துக் கொடுத்த கை ஒன்றே.

உதவியும் கடனும்

இதில் நாம் செய்த பிழை யாது? கொடுமை செய்தோம் இல்லை. இரக்கமின்றி இருந்தோம் இல்லை. மாத்திரை இரக்கத்தால் கொடுத்ததே. ஆனால் இரக்கம், தான் கொடுக்க விரும்புவதைக் கொடுக்கும். கடன், எதிரில் இருப்பவருக்கு வேண்டியதைக் கொடுக்கும். துணைவியாருக்குத் தலைவலி என்றதும் அது அவருடைய உடலில் நிகழும் ஒன்றாகத் தோன்றியது. வேலைக்காரிக்குத் தலைவலி என்றதும் அது நம் வேலையில் நிகழ்ந்த இடையூறாகத் தோன்றியது. ஒரே சொல், ஒரே மொழி, அதுவும் நம் தாய்மொழி. வங்காளியின் இந்தியும் பஞ்சாபியின் இந்தியும் புரிந்த நமக்கு, ஆத்தூர்த் தமிழ் அன்று புரியவில்லை.

சிலர் மறுப்புரை கூறக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம்; நோய் அறிதல் நம் கடனாகுமா என்பர். நோயை அறியச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொல்கிறோம். கேட்பதற்குப் பட்டம் வேண்டா. கூலி கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது என்பர். கூலி பாத்திரத்துக்கு, அவள் நம்மிடம் சொன்ன தலைவலிக்கு எந்தக் கூலியும் ஈடாகாது. உலகிலுள்ள துன்பமெல்லாம் நம் கடனாயின் நாம் எப்படி வாழ்வது என்பர். இது நேர்மையான மறுப்பு. இதற்கு விடை கூறியாக வேண்டும். உலகத்துத் துன்பம் அனைத்தும் நம் கடனன்று. நம் வாயிற்படியில் வந்து அமர்ந்த துன்பம், அதனைத் தீர்க்கும் வழியையும் நாம் அறிந்திருந்தால், நம் கடனாகிறது. அறியாதவன் செய்யாதது குறை. அறிந்தவன் செய்யாதது குற்றம். பிறர் நமக்குச் செய்த உதவியால் நாம் ஒன்றை அறிந்துகொண்டோம் எனின், அவ்வறிவு நமக்கு உடைமையன்று. அடுத்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டிய பொருள். சேச்சி மறு ஆண்டே வளைகுடா நாட்டுக்குப் பணி மேற்கொண்டு சென்றுவிட்டார். பீஜி மறைந்துவிட்டார். அவர்களுக்கு நாம் பட்ட கடனை அவர்களிடமே திருப்பிச் செலுத்த வழியில்லை. பிள்ளைப்பேற்றில் பட்ட கடன் பெரும்பாலும் அத்தகையது. கொடுத்தவரிடம் திரும்பாது, அடுத்து வருபவளிடம்தான் செல்லும். நம்மிடம் வந்து அது நின்றுவிட்டது. அதுவே நாம் செய்த பிழை.

புறநானூற்றில் பொன்முடியாரின் பாட்டு ஒன்று நம்மில் பலருக்குப் பள்ளிநாள் முதல் பழக்கம். பெற்றுப் பேணுதலைத் தாய்க்கும், சான்றோன் ஆக்குதலைத் தந்தைக்கும், வேல் வடித்துக் கொடுத்தலைக் கொல்லனுக்கும், அடுத்து வேந்தனுக்கும், இறுதியில் வளர்ந்த அக்காளைக்கும் அவரவர் கடனை அப்பாட்டு வகுத்துரைக்கிறது. ஒரு பிள்ளை ஊரார் பலரின் கூட்டுப் படைப்பு என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது. ஆனால் தாய்க்குரிய கடன் கூறப்பட்ட அளவுக்கு, அத்தாய்க்குச் செய்யவேண்டிய கடன் யாருடையது என்பது அங்கே கூறப்படவில்லை. பாட்டைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அது போர்க்காலத்து மறக்குடி மகளின் பேச்சு. விடுபட்ட அவ்வொரு வரியை நிரப்புவது பின்வந்த நம் பொறுப்பு.

அதற்கு விடை திருச்சிராப்பள்ளி மலைமேல் இருக்கிறது. இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியது. துணைக்கு வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவனே அத்தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது இருவர் நிற்கக் கண்டனர் என்பது தலவரலாறு. அதனால் அவனுக்குத் தாயுமானவன் என்று பெயர். இக்கதையை நம்பிக்கையோடு கேட்போரும் உண்டு. கதையாகக் கேட்போரும் உண்டு. இருவரும் கருதத்தக்கது அப்பெயரிலுள்ள 'உம்' என்னும் இடைச்சொல். தாயானவன் அல்லன், தாயும் ஆனவன். பெற்ற தாயின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. அவள் வந்து சேரும்வரை அவ்விடம் வெறுமையாகாமல் காத்தான். நமக்கும் ஊருக்கும் இடையே காவிரி மட்டுமோ? நருமதையும் கோதாவரியும் கிருட்டிணையும் கிடக்கின்றன. அக்கரையில் நிற்கும் தாயர் எத்தனையோ பேர். ஆத்தூரிலும் ஒருத்தி நின்றிருப்பாள்.

செய்யத்தக்கவை

நாடு இத்துறையில் முன்னேறாமலில்லை. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, ஓரிலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03-இல் 301 தாயர் மாண்டனர். 2018-20-இல் அது 97 ஆயிற்று. அதே காலத்தில் தமிழகத்தில் 54. 2005-இல் தொடங்கிய ஜனனி சுரட்சா திட்டமும், 2011-இல் தொடங்கிய, அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாப் பேறுகாலச் சேவையும், 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் நாள் நடைபெறும் கருவுற்றோர் சோதனை முகாம்களும் இதில் பங்குகொண்டவை. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேற்று விடுப்பு 2008-இல் 180 நாளாக உயர்ந்தது. இவையெல்லாம் பெருமைக்குரியன. ஆனால் திட்டம் கதவுவரை வரும். கதவைத் தட்டிக் கேட்பவர் ஒரு மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

2022 செப்டம்பரில், குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்த சில நாட்களில் இறந்தாலோ, மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 60 நாள் தனிச்சிறப்பு விடுப்பு அளிக்கும் ஆணை வெளியாயிற்று. அதன் நகலை எம் பிரிவில் சுற்றுக்கு விடும் பணி நம்மிடம் வந்தது. 60 என்னும் எண்ணைக் கண்டதும் இருபதாம் நாள் வந்து நின்றவள் நினைவுக்கு வந்தாள். கோப்பை மூட நேரமாயிற்று.

சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகிறோம். நம் வீட்டுக்குக் கருவுற்ற பெண் ஒருத்தி புதிதாக வந்தால், வளையல் அடுக்குவதோடு நின்றுவிடாமல், பதிவு செய்தாயிற்றா, மருத்துவ அட்டை எங்கே, இரவில் வண்டிக்கு யாரை அழைப்பது, இரத்தம் தேவைப்படின் யார் வருவர் என்று கேட்டு வைப்போம். பிறந்த ஒரு மணிக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும் என்பதை, சேனை தொட்டுவைக்கக் காத்திருக்கும் பாட்டிமார்க்குப் பணிவோடு எடுத்துரைப்போம். ஆடவர், தலைவலி என்னும் சொல்லைக் கேட்டதும் தைலத்தைத் தேடாமல், எப்போதிலிருந்து என்று கேட்கப் பழகுவோம். இவற்றையெல்லாம் நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவளுக்கும், நம் தெருவில் செங்கல் சுமப்பவளுக்கும் செய்வோம். ஏழாம் மாதத்தில் அவளுக்குச் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்தால் நம் வீட்டுப் பாத்திரம் நம் கையால் துலங்கும். அதனால் எவருக்கும் கேடில்லை.

அவள் மேலும் ஓராண்டு நம் வீட்டில் வேலை செய்தாள். பிறகு கணவனோடு வேறு பகுதிக்குச் சென்றுவிட்டாள். இன்று எங்கிருக்கிறாளோ அறியோம். போகுமுன் மகளுக்கு ஒரு சிறு கம்பளிக் குல்லாய் கொடுத்தாள். வெயிலில் அமர்ந்து பின்னியதன்று. வேலைக்கும் வேலைக்கும் இடையே, படிக்கட்டில் அமர்ந்து பின்னியது. தன் பிள்ளைக்கெனத் தொடங்கியதா, எம் மகளுக்கென்றே பின்னியதா என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. அதனையும் கேட்டிருக்க வேண்டும்.